முதுகு காட்டி நின்றவன்

என் தம்பி யாரையும் நேராகப் பார்த்துப் பேச மாட்டான். திமிர் என்று நினைத்துவிடாதீர்கள், தொழில் அப்படி. முடி வெட்டுகிறவனுக்கு உலகமே கண்ணாடிக்குள்தான் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் பிடரி மட்டும்தான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். அவருடைய முகம், சிரிப்பு, "காதோரம் கொஞ்சம் பார்த்துங்க" என்கிற கெஞ்சல் எல்லாம் எதிரே கண்ணாடியில். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் விடவில்லை. நான் சோறு போட்டுக்கொண்டே ஏதாவது கேட்டால் பீரோக் கண்ணாடியைப் பார்த்துத்தான் பதில் சொல்வான். "நான் இங்க இருக்கேன்டா" என்று தட்டில் கரண்டியால் ஒரு தட்டு தட்டுவேன்.

பெண் பார்க்கப் போன இடத்திலும் பெண்ணை விட்டுவிட்டுச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளைக்குத் தன் அழகில்தான் மயக்கம் என்று அவர்கள் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவன் பார்த்ததோ கண்ணாடியில் தெரிந்த அந்தப் பெண்ணை. இதை யாரிடம் போய் விளக்குவது? கல்யாணம் அதோடு நின்றது. என் வீட்டுக்காரர் போன பிறகு நான் இவனோடு வந்துவிட்டேன். கீழே கடை, மேலே நாங்கள் இருக்கும் இரண்டு அறை. எனக்கு ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் காலை வேலை. மதியம் வீடு திரும்பும்போது என் உடம்பெல்லாம் ஆவியும் சோப்பும் மணக்கும். அவன் மேல் பவுடரும் ஷேவிங் கிரீமும் மணக்கும். இரண்டு பேரும் சுத்தமானவர்கள் என்பதில் மட்டும் தெருவில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

கடையில் இரண்டாவது நாற்காலி சீப்பினுடையது. அவருக்குச் சீப்பு என்று பேர் வைத்தது யாரென்று தெரியாது. ஆள் ஒல்லி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு துருத்திக்கொண்டிருக்கும். தம்பியைவிட ஒன்றிரண்டு வயது சின்னவர். என்னை அக்கா என்பார். முஸ்லிம். வேளை தவறாமல் தொழுவார். முன்தலை வெட்டிக்கொண்டிருக்கும்போதே தொழுகைக்குப் பாங்கு கேட்டால், பாதியில் விட்டுவிட்டு ஓடுகிற ஆளும் இல்லை. அந்தத் தலையை முடித்துத் துணியை உதறி மடித்துவிட்டு, குழாயடியில் கைகால் முகம் கழுவிக்கொண்டு, வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் நீள பெஞ்சுக்குப் பின்னால் இருந்த மூலைக்குப் போய்விடுவார்.

மதியத்துக்கு மேல் அந்தக் கடையை நீங்கள் பார்க்க வேண்டும். தெருவே தூங்கும் நேரம். கண்ணாடிக் கதவு வழியாக வருகிற வெயில் ஒரு கண்ணாடியில் பட்டு, அங்கிருந்து எதிர்ச்சுவருக்குத் தாவி, கூரையில் போய் நடுங்கிக்கொண்டிருக்கும். மின்விசிறிக் காற்றில் தரையில் கிடக்கும் முடிக்கற்றைகள் மெதுவாக நகரும். நாற்காலியில் இருப்பவர் பாதித் தூக்கத்தில் இருப்பார். கத்திரியின் கிளிக் கிளிக் தவிர வேறு சத்தம் கிடையாது. அந்த அமைதியில் சீப்பு கை கட்டி நிற்பார். என் தம்பி அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முடி வெட்டிக்கொண்டிருப்பான். வருஷக்கணக்காக இப்படித்தான் நடந்தது.

சீப்பின் மகளுக்குக் குழந்தை பிறந்தது. அப்பா கூடவே வந்து இருக்கட்டும் என்று அவள் தன் ஊருக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். கிளம்புகிற அன்று சீப்பு மாடிக்கு வந்தார். நான் கொடுத்த டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்த பிறகு சொன்னார்.

"இத்தன வருஷம் அந்த மூலையில தொழுதேன் அக்கா. உங்க தம்பி ஒரு தடவகூடத் திரும்பிப் பார்த்ததில்ல. நான் நிக்க ஆரம்பிச்சா முதுகக் காட்டிட்டு நின்னுடுவான். பிடிக்கலன்னா சொல்லியிருக்கலாமே. நான் வேற எடம் பார்த்திருப்பேன்."

அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்று சொன்னேன். "இருக்கட்டும் அக்கா" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். மனது கசந்து போனவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது. அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது தம்பியைப் பிடித்து உலுக்கினேன். அவன் சொன்னது இவ்வளவுதான். "சாப்பிடறவனையும் தொழறவனையும் வாயப் பொளந்துக்கிட்டுப் பார்க்கக் கூடாது அக்கா. மரியாத இல்ல."

அதற்கப்புறம் அவனுக்கு என்னவோ ஆகிவிட்டது. வெட்டுகிற கை நடுவில் நின்றுவிடும். கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நிற்பான். "என்னப்பா, தூங்கிட்டியா?" என்று வாடிக்கையாளர் கேட்ட பிறகுதான் கத்திரி மறுபடி பேசும். ஒரு நாள் கடைக்கு வந்து எட்டிப் பார்க்கிறேன், ஆளைக் காணோம். பெஞ்சுக்குப் பின்னால் அந்த மூலையில், வெறும் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். முகத்தில் பேய் அறைந்த களையா, பிரியமானவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போன களையா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதே வாரத்தில் ஒரு மதியம் சாப்பிட்டுக்கொண்டே பீரோக் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னான். "அக்கா, நான் முஸ்லிம் ஆயிட்டேன். பள்ளிவாசலுக்குப் போய்க் கலிமா சொல்லிட்டேன். ஹஜ்ரத் சொல்லிக் குடுத்தார்." தெருக்கோடிப் பள்ளிவாசலின் இமாம்தான் அந்த ஹஜ்ரத். கடையில் தாடி ஒதுக்கிக்கொள்ள வருகிறவர்.

கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது. கோபம் வந்தது. மறைப்பானேன், வயிறு எரிந்தது. அப்பா அம்மா போனார்கள், கட்டினவர் போனார், மிச்சம் இருந்தது இவன் ஒருவன். இவனும் எனக்குத் தெரியாத ஒரு வாசல் வழியாக வெளியே போய்விட்டால் நான் யாருக்குச் சோறு போடுவது? இதையெல்லாம் சொல்லாமல், "எவ வீட்டுல பொண்ணு பார்த்து வச்சிருக்க?" என்று கேட்டேன். அதைத்தானே தெருவும் கேட்கப் போகிறது.

"இந்த வயசுல என்ன யாரு கட்டிப்பா அக்கா?" என்றான். பிறகுதான் வாய் திறந்து சொன்னான். இத்தனை வருஷமும் அவன் சீப்புக்கு முதுகு காட்டிக்கொண்டு கண்ணாடியில் சீப்பையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். வாடிக்கையாளரின் தலைக்கு மேலே, பெஞ்சு முதுகுக்கும் மேலே, சீப்பின் பாதி உடம்பு தெரியுமாம். நிற்பார், கை கட்டுவார், குனிவார், நிமிர்வார். அப்புறம் சட்டென்று பெஞ்சுக்குப் பின்னால் மறைந்துபோவார், குளத்தில் முங்குகிற மாதிரி. கண்ணாடியில் வெறும் பெஞ்சும் வெயிலும் மட்டும் இருக்கும். பிறகு மேலே வருவார். கடைசியில் உட்காரும்போது தலை மட்டும் பெஞ்சுக்கு மேலே தெரியும், இரண்டு பக்கமும் திரும்பும்.

"முங்கினப்ப ஒரு முகம் அக்கா, எழுந்து வர்றப்ப வேற முகம். வீட்டுல சண்ட, மக படிப்பு, ஒடம்பு வலி எல்லாத்தையும் கீழயே விட்டுட்டு வந்த மாதிரி. கீழ என்னதான் நடக்குதுன்னு எனக்கு அத்தன வருஷமும் தெரியாது. பெஞ்சு மறைச்சுடும். அவன் போனப்புறம் அந்த எடத்துல போய் உக்காந்தேன். தரையில நெத்திய வச்சுப் பார்த்தேன். எழுந்திருக்கவே மனசு வரல."

"சோறு ஆறுது" என்றேன்.

தொழக் கற்றுக்கொள்வது என்பது அவன் நினைத்த மாதிரி இல்லை. ஓத வேண்டிய வார்த்தைகளை ஹஜ்ரத் எதிரே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். நெற்றி வைப்பது எப்படி என்பதைக் காட்டிக்கொடுத்தார். "நிக்கறது, கை கட்டறது, சலாம் குடுக்கறதெல்லாம்?" என்று அவர் கேட்டபோது, நம்மாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அதெல்லாம் எனக்கு அத்துப்படி ஹஜ்ரத், வருஷக்கணக்கா பார்த்திருக்கேன்" என்றிருக்கிறான். தொண்டையின் அடியிலிருந்து எழுப்ப வேண்டிய எழுத்துகள்தான் அவனைப் படாத பாடு படுத்தின. கத்திரி பிடித்துக்கொண்டே முணுமுணுப்பான். ஒரு வாடிக்கையாளர் பயந்துபோய், "தலையில ஏதாவது மந்திரிச்சு வுடறியா?" என்று கேட்டே விட்டார்.

பள்ளிவாசலில் வரிசையில் போய் நிற்க மட்டும் அவனுக்குக் கூச்சம். ஓதுவது தடுமாறாமல் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனான். தட்டுத் தடுமாறி ஓதுகிறவனுக்கு இறைவன் இரட்டைக் கூலி கொடுப்பான், பயப்படாமல் வா என்று ஹஜ்ரத் சொல்லிப் பார்த்தார். இதை அவன் என்னிடம் வந்து சொன்னபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எந்தக் கடையிலடா தப்பா வெட்டினா ரெட்டக் கூலி குடுக்கறாங்க? அந்தக் கடையில எனக்கும் ஒரு வேல சொல்லு."

வீட்டில்தான் தொழுதான். முன்னறையில், பீரோவைப் பார்த்த திசை. கண்ணாடி எதிரே இருக்கக் கூடாது என்று அதன் மேல் துண்டைப் போட்டு மூடுவான். என் தம்பி ஒரு கண்ணாடியை மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. விரித்துக்கொள்ள வேறு துணி இல்லாமல், வாடிக்கையாளர்களுக்குப் போர்த்துகிற துணியைக் கொண்டுவந்தான். எத்தனை உதறினாலும் அதில் துளித்துளியாக முடி ஒட்டியிருக்கும். நெற்றி முழுக்கக் குத்திச் சிவந்துபோய் எழுந்து வந்தான். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் எனக்குப் பொறுக்கவில்லை. சலவை தெரிந்தவள் வீட்டில் இருக்கும்போது இது என்ன கோலம்? கொதிநீரில் ஊறப்போட்டு, துவைத்து, தேய்த்து, ஓரம் தைத்துக் கொடுத்தேன்.

விடியற்காலையில் நான் அடுப்பு பற்றவைக்கும் நேரம் அவன் நிற்கும் நேரம். ஜன்னலில் வெளிச்சம் பால் மாதிரி தெளிய ஆரம்பிக்கும். அந்த முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டே நான் அரிசி களைவேன். தூக்கம் முழுசாகக் கலையாத நேரத்தில் காதில் விழுந்தது எப்படியோ உள்ளே போய்த் தங்கிவிட்டது. எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. தனியாக ஓதிப் பழகும்போது அவன் எங்கேயாவது திக்கி நின்றால் அடுத்த வார்த்தையை நான் சமையல்கட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். "நீ சும்மா இரு அக்கா" என்பான். ஆனால் எடுத்துக்கொள்வான்.

முடிக்கும்போது முகத்தை இரண்டு பக்கமும் திருப்புவதைப் பற்றிக் கேட்டேன்.

"ரெண்டு பக்கமும் இருக்கறவங்களுக்குச் சாந்தி உண்டாகட்டும்னு சொல்றது."

"ஜன்னல் பக்கம் யாரு இருக்கா?"

"மலக்குங்க. வானவருங்க."

"சமையக்கட்டுப் பக்கம்?"

"அங்கயும் அவங்கதான்."

"அங்க நான்தான்டா இருக்கேன், அடுப்போட மல்லுக்கட்டிக்கிட்டு." சிரித்தான். அவனுக்கு இடது கைப் பக்கம் ஜன்னல், வலது கைப் பக்கம் சமையல்கட்டு. முதலில் ஜன்னலுக்குத்தான் சலாம், அப்புறம்தான் என் பக்கம். வீட்டுக்கு மூத்தவள், எனக்கு இரண்டாவதுதான் என்று மனதுக்குள் முனகிக்கொண்டேன்.

சீப்பிடம் இதை அவன் சொல்லவே இல்லை. "போன்ல எப்படி அக்கா சொல்றது? மொகம் தெரியணும்" என்றான். கண்ணாடி இல்லாமல் அவனுக்குப் பேச்சு வராது. ஆனால் தெருவின் வாய்க்கு யார் பூட்டுப் போடுவது? சேதி ஊர் தாண்டிப் போய்விட்டது. ஒரு நாள் சீப்பு எனக்குப் போன் செய்தார். குரலில் பழைய ஈரம் இல்லை.

"என்ன அக்கா கேள்விப்படறேன்? நான் இருந்த வரைக்கும் ஒரு தடவ திரும்பிப் பார்க்காதவன், நான் போனப்புறம் எப்படி? ஏதாவது கல்யாண ஏற்பாடா?"

கண்ணாடிக் கதையைச் சொன்னேன். "யாரு வேணா எப்படி வேணா சொல்லலாம் அக்கா. அந்தப் பக்கமா ஒரு வேல இருக்கு. வர்றேன், வந்து பார்க்கறேன்" என்று வைத்துவிட்டார்.

தம்பிக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. சீப்பு வருகிற அன்றைக்குக் கடையை மூடிவிட்டு மாடிப்படியை ஒவ்வொன்றாகக் கழுவினான். "எதுக்குடா இந்தப் பாடு, வர்றவன் என்ன மாமனாரா?" என்று சீண்டினேன். அவன் சிரிக்கவில்லை.

"ஊர் என்ன வேணா பேசட்டும் அக்கா. அவன் நம்பணும். அவனப் பார்த்துத்தான் நான் நின்னேன். அவனே இது வேஷம்னு சொல்லிட்டா, எனக்கு நிக்க எடம் இல்ல." அதுவரை அவன் இந்தச் சமாசாரத்தில் தோற்றுப்போனால் நல்லது என்று என் மனதில் ஒரு மூலை நினைத்துக்கொண்டுதான் இருந்தது. அந்த நிமிஷத்தோடு அது செத்துப்போனது.

சீப்பு வந்தார். தாடி முன்னைவிட நரைத்திருந்தது. சட்டைப் பையில் சீப்பு அப்படியே இருந்தது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு, சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"எதுக்குப்பா?"

தம்பி பீரோக் கண்ணாடியைப் பார்த்தான். "பார்த்துக்கிட்டே இருந்தேன். வந்துட்டேன்."

"எப்பப் பார்த்த? ஒம் முதுகுலயா கண்ணு இருந்துச்சு?"

"கண்ணாடியில."

"அக்காவும் அதான் சொன்னாங்க" என்றார் சீப்பு. டீயைக் குடிக்காமலே டம்ளரைக் கீழே வைத்தார். நல்லவேளை, பிற்பகல் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. "வா, சேர்ந்தே தொழுவோம்" என்று சீப்பு எழுந்தார். தொழவைக்கும் இமாமாக அவர் நின்றுகொண்டார். இரண்டே பேர் என்றால் பின்னால் நிற்க வேண்டாமாம், வலது பக்கத்தில் ஒட்டி நிற்க வேண்டுமாம். தம்பி தன் துணியை அவர் பையிலிருந்து எடுத்துப் போட்ட விரிப்புக்குப் பக்கத்தில் விரித்தான். கண்ணாடியைத் துண்டால் மூடினான். நான் சமையல்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்து பார்த்தால் இரண்டு பேருமே நன்றாகத் தெரிந்தார்கள்.

கை கட்டினார்கள். எனக்கு ஏதோ உறுத்தியது. இந்தச் சீப்பு கையை மாற்றிக் கட்டியிருக்கிறாரே என்றுதான் முதலில் நினைத்தேன். தம்பியின் இடது கை மேலே இருந்தது, சீப்பின் வலது கை மேலே இருந்தது. நான் கண்ட தொழுகை என் தம்பியின் தொழுகை ஒன்றுதானே. அப்புறம்தான் உறைத்தது, மாற்றிக் கட்டியிருப்பது நம்மாள். அடப்பாவி, அத்துப்படி என்றாயேடா! அதட்டிச் சொல்லவும் முடியாது, ஓடிப்போய்க் கையை மாற்றிவிடவும் முடியாது. சீப்பின் கண் தரையை விட்டு எழவில்லை. குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், நெற்றி வைத்தார்கள். ஜன்னல் வெயில் இரண்டு முதுகின் மேலும் ஒன்றாக விழுந்தது. சீப்பு பார்க்காமலே முடிந்துவிட வேண்டும் என்று எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டேன். இந்த விஷயத்தில் எந்தச் சாமியை வேண்டுவது என்றுகூட யோசிக்கவில்லை.

கடைசியில் உட்கார்ந்தார்கள். சீப்பு சலாம் சொல்லி முகத்தை வலது பக்கம் திருப்பினார், தம்பி இருந்த பக்கம். தம்பி சலாம் சொல்லி முகத்தை இடது பக்கம் திருப்பினான், சீப்பு இருந்த பக்கம்.

இரண்டு முகமும் நேருக்கு நேர் நின்றன. நடுவில் ஒரு சாண் இடைவெளி. சீப்பின் கண்கள் விரிந்தன. ஒரு நொடி தடுமாறி மறுபக்கம் திரும்பி முடித்தார். தம்பியும் எதிர்ப்பக்கம் திரும்பினான். அவன் முகம் வெளுத்திருந்தது. என்ன தப்பு என்று தெரியாமலே, ஏதோ பெரிய தப்பு என்று மட்டும் தெரிந்தவனின் முகம்.

"கையக் கட்டு" என்றார் சீப்பு.

கட்டினான். இடது கை மேலே.

"எப்பவும் இப்படித்தானா?"

"நீ கட்டற மாதிரிதான கட்டறேன்?"

சீப்பு எழுந்து பீரோவிடம் போனார். துண்டை இழுத்துப் போட்டார். கண்ணாடி முன் நின்று, எப்போதும் போல் வலது கையை மேலே வைத்துக் கட்டினார். கண்ணாடிக்குள் இருந்த சீப்புக்கு இடது கை மேலே இருந்தது. வலது பக்கம் திரும்பினார். கண்ணாடிக்குள் இருந்தவர் தன் இடது பக்கம் திரும்பினார். வெகுநேரம் அப்படியே நின்றார். தோள் குலுங்கியபோதுதான் அழுகிறார் என்று தெரிந்தது.

"தெனமுமா பார்த்த?" என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார்.

"தெனமும்" என்றான் தம்பி, அதே கண்ணாடியைப் பார்த்து. "நான் ஒனக்கு முதுகக் காட்டினேன்னு நீ நெனச்சுட்ட. எனக்கு நீ எப்பவும் எதிர்லதான் இருந்த."

யாரும் சொல்லிக்கொடுத்து வருகிற தப்பு இல்லை அது. எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அந்தக் கடையில், அந்த நாற்காலிக்குப் பின்னால், வருஷக்கணக்காக ஒரே இடத்தில் நின்று பார்த்தவனுக்கு மட்டும்தான் அது வாய்க்கும். நான் போனில் சொன்னதையும் அவன் வாயால் சொன்னதையும் நம்பாத மனுஷன், அந்தத் தப்பான கையை நம்பினார்.

"அப்ப இதுவரைக்கும் தொழுததெல்லாம்?" என்று தம்பி பயந்துபோய்க் கேட்டான்.

"அதெல்லாம் எங்கயும் போகாது. எதுக்கும் ஹஜ்ரத்தக் கேட்டுக்க. இனிமே மாத்திக் கட்டு, அவ்வளவுதான்." தம்பியின் வலது கையை எடுத்து இடது கையின் மேல் வைத்து ஒரு தட்டு தட்டினார்.

"ரெட்டக் கூலிக் கணக்குல சேர்த்துக்கச் சொல்லு" என்றேன் நான். என் மூக்கும் அடைத்துப்போயிருந்தது. மூன்று பேரும் அழுதுகொண்டே சிரித்தோம். ஆறிப்போன டீயைச் சீப்பு ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வரிசையில் நிற்பேன் என்று அவனிடம் வாக்கு வாங்கிக்கொண்டு வண்டி பிடிக்கக் கிளம்பினார். படியிறங்கும்போது பழைய குரலில், "அக்கா, வர்றேன்" என்றார்.

பொழுது சாய்ந்தது. ஜன்னல் சிவந்து, பிறகு சாம்பல் நிறமானது. தம்பி துணியை விரித்தான். கை பழக்கத்தில் மாறிப்போனது. நிறுத்தி, புதுக் கத்திரி பிடிக்கிறவன் மாதிரி யோசித்து, வலது கையை மேலே வைத்தான். நான் அடுப்படியில் இருந்தேன். குனிந்தான், நெற்றி வைத்தான், உட்கார்ந்தான். முடிக்கும் நேரம் வந்ததும் அவன் தலை ஜன்னல் பக்கம் போகப் பார்த்தது, நின்றது, மெதுவாக வலது பக்கம் திரும்பியது.

முதல் சலாம் என் பக்கம் வந்தது. நடுவில் கண்ணாடி எதுவும் இல்லை. என் தம்பி நேராக என் முகத்தைப் பார்த்தான்.

கையில் கரண்டி இருந்தது. தட்ட வேண்டியிருக்கவில்லை.